பிளேஸ்டேஷன் கிளாசிக்: இவ்வளவு குறையோடு வாங்கலாமா?

கேள்வி இது: சோனி தன் முதல் பிளேஸ்டேஷனைச் சின்னதாக்கி, கேம்களை உள்ளேயே போட்டு 2018இல் விட்ட கன்சோலான பிளேஸ்டேஷன் கிளாசிக் ஒன்று, வெளியான விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால் படித்த விமர்சனம் எல்லாமே திட்டு. வாங்கலாமா, விட்டுவிடலாமா?

பெட்டியைப் பிரித்து, டிவியில் செருகி, உள்ளே இருப்பதை மட்டும் ஆடப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஒரு பென்டிரைவ், அனலாக் குச்சி (கட்டைவிரலால் எந்தத் திசையிலும் சாய்க்கும் குச்சி) உள்ள ஒரு கன்ட்ரோலர், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வேலை பார்க்கும் பொறுமை, இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள். இந்தக் கன்சோலின் குறைகளில் பெரும்பாலானவை மென்பொருளிலும், சோனி தேர்ந்தெடுத்துப் போட்ட கேம் பதிப்புகளிலும்தான் இருக்கின்றன. பலகையிலும் சிப்பிலும் பெரிய குறை இல்லை. மென்பொருளையும் கேம்களையும் நாமே மாற்றிக்கொள்ள முடிகிறது. அதனால்தான் 2018இல் 'வேண்டாம்' என்று சொல்லவேண்டிய பொருள், இன்று விலையைப் பொறுத்து 'வாங்கலாம்' என்று ஆகியிருக்கிறது.

முதலில் என்ன குறை என்று பார்ப்போம். விமர்சனங்கள் பொய் சொல்லவில்லை.

முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வந்தது 1994 டிசம்பர் 3. கிளாசிக் வந்தது 2018இல் அதே தேதியில், அமெரிக்காவில் 99.99 டாலருக்கு. உள்ளே 20 கேம்கள். வந்த மாதமே விலை 59.99 டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் சரிந்தது. விலை இவ்வளவு வேகமாக விழுந்ததற்கு முதல் காரணம் 50 ஹெர்ட்ஸ் விவகாரம்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய டிவிகள் பால் (பி.ஏ.எல்.) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்தன. அமெரிக்க, ஜப்பானிய டிவிகள் என்.டி.எஸ்.சி. முறையில் 60 முறை. ஐரோப்பாவுக்கான பதிப்பைத் தயாரித்தபோது பல நிறுவனங்கள் கேமின் வேகத்தைத் திருத்தவில்லை. 60க்கு எழுதியதை 50இல் ஓடவிட்டார்கள். விளைவு, கேம் ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாக நகரும். சில நிறுவனங்கள் வேகத்தைச் சரிசெய்தன, ஆனாலும் நொடிக்கு வரும் படங்கள் குறைவுதான். கிளாசிக்கின் மேற்கத்திய பதிப்பில் 20இல் 9 கேம்கள் இந்த ஐரோப்பிய பதிப்புகள்: டெக்கன் 3, ரெசிடென்ட் ஈவில் டைரக்டர்ஸ் கட், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, ஜம்பிங் ஃப்ளாஷ், ஆட்வேர்ல்ட், டிஸ்ட்ரக்‌ஷன் டெர்பி, கூல் போர்டர்ஸ் 2, பேட்டில் அரீனா டோஷிண்டன், ரெயின்போ சிக்ஸ். அமெரிக்காவில் விற்ற பெட்டியிலும் இதே கதைதான்.

மெதுவான ஓட்டம் மட்டுமே என்றால்கூடப் பழகிவிடும். கன்சோல் டிவிக்கு அனுப்புவது 60 ஹெர்ட்ஸ் படம் என்பதால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. நொடிக்கு 50 படங்களை 60 இடங்களில் நிரப்ப வேண்டும். ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு முறை காட்டப்படும். காட்சி பக்கவாட்டில் நகரும்போது சீரான இடைவெளியில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரிவது இதனால்தான். டெக்கன் 3 மாதிரி, ஒரு படத்தின் இடைவெளியில் தடுப்பா அடியா என்று முடிவாகிற சண்டை கேமில் இது கையில் உறைக்கும். ஃபைனல் ஃபேன்டசி 7, வைல்ட் ஆர்ம்ஸ், ரெவலேஷன்ஸ் பெர்சோனா மாதிரி முறைவைத்து ஆடுகிறவற்றில் இந்தச் சிக்கலே இல்லை. அவை 60 ஹெர்ட்ஸ் பதிப்புகள், வேகமும் முக்கியமில்லை. ரிட்ஜ் ரேசர் டைப் 4, மெட்டல் கியர் சாலிட் இரண்டும் அமெரிக்கப் பதிப்புதான்.

அடுத்தது படம். வெளியீடு 720பி, அதாவது 720 வரிகள். பழைய கேம்கள் பெரும்பாலும் 240 வரிகள். 240ஐ மூன்றால் பெருக்கினால் சரியாக 720 வருகிறது; ஒவ்வொரு புள்ளியையும் மூன்று மடங்கு பெரிதாக்கினாலே கூர்மையாக இருந்திருக்கும். அதைச் செய்யாமல் படத்தை மழுப்பி அனுப்புகிறது. பழைய டிவியின் கிடைக்கோடு மாதிரி காட்டும் வசதியும் மெனுவில் கிடையாது. படத்தைப் பற்றி நீங்கள் மாற்றக்கூடிய ஒரு அமைப்புகூட அதிகாரபூர்வ மெனுவில் இல்லை என்பதுதான் வேடிக்கை, ஏனென்றால் உள்ளே ஓடும் எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளில்) அவை இருக்கின்றன.

கன்ட்ரோலர்கள் இரண்டு, 1994ஆம் ஆண்டு வடிவம். அனலாக் குச்சி இல்லை, அதிர்வும் இல்லை. தரம் பரவாயில்லை, பட்டன்களின் அழுத்தமும் எடையும் அசலை நினைவூட்டும். ஆனால் 1997இல் இரண்டு குச்சியும் அதிர்வும் உள்ள டூயல்ஷாக் கன்ட்ரோலர் வந்தபிறகு வெளியான கேம்கள் பல குச்சியை மனதில் வைத்து எழுதப்பட்டன. ஏப் எஸ்கேப்பை இந்தக் கன்ட்ரோலரில் ஆடவே முடியாது. இரண்டு குச்சியும் கட்டாயம். மெட்டல் கியர் சாலிடில் சைக்கோ மேன்டிஸ் என்ற வில்லன் கன்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்லி அதிரவைத்துக் காட்டும் கட்டம் இதில் வெறும் பேச்சாகிவிடுகிறது. அதே கேமில் மெரில் என்ற பாத்திரத்தின் ரேடியோ அலைவரிசையை 'சிடி உறையின் பின்புறம் பார்' என்பார்கள். கிளாசிக்கில் உறையே கிடையாது. மாட்டிக்கொண்டால், 140.15.

கேம் பட்டியலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்டெலிஜென்ட் க்யூப், மிஸ்டர் ட்ரில்லர் போன்றவை நல்ல தேர்வு. க்ராஷ் பேண்டிகூட், டோம்ப் ரைடர், கிரான் டூரிஸ்மோ, காஸ்டில்வேனியா எதுவும் இல்லாத பிளேஸ்டேஷன் தொகுப்பு என்பது உப்பில்லாத சாம்பார். ஜப்பானியப் பதிப்பின் பட்டியல் வேறு: பாரசைட் ஈவ், ஆர்மர்ட் கோர், கிரேடியஸ் கைடன், ஜி-டேரியஸ், சாகா ஃபிரான்டியர். பட்டியலாக அதுதான் மேல். ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் கதை சார்ந்த கேம்களில் திணறுவீர்கள்.

இத்தனை சொல்லிவிட்டு ஏன் வாங்கலாம் என்கிறேன் என்றால், உள்ளே இருப்பது அவ்வளவு மோசமான சரக்கு இல்லை. மீடியாடெக் எம்.டி.8167ஏ சிப்: நான்கு கோர்டெக்ஸ் ஏ35 கோர்கள், 1.5 கிகாஹெர்ட்ஸ். பவர்வி.ஆர். ஜி.இ.8300 கிராஃபிக்ஸ், 1 ஜி.பி. ரேம், 16 ஜி.பி. சேமிப்பு. முதல் பிளேஸ்டேஷனின் சிபியு 33.87 மெகாஹெர்ட்ஸ், ரேம் 2 எம்.பி. என்பதை வைத்துப் பார்த்தால் அதைப் போலியாக ஓட்ட இது தாராளம். எமுலேட்டர் பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்ட் என்ற திறந்த மூல மென்பொருள். சோனி தானே எழுதியதல்ல. ஏஆர்எம் வகைச் சிப்புகளுக்கென்றே (இந்தக் கன்சோலில் இருப்பதும் அந்த வகைதான்) வளர்க்கப்பட்ட, தேறிய மென்பொருள் அது. குறை எமுலேட்டரில் இல்லை. அதை அமைத்த விதத்தில் இருக்கிறது.

வெளியான சில நாட்களிலேயே இரண்டு விஷயம் தெரியவந்தது. ஒன்று, சில யூ.எஸ்.பி. விசைப்பலகைகளைச் செருகி எஸ்கேப் விசையை அழுத்தினால் எமுலேட்டரின் மறைந்த மெனு திறக்கிறது. அதில் கிடைக்கோடு காட்டலாம், இடையில் படங்களைத் தாண்டிப்போவதைக் கட்டுப்படுத்தலாம், பால் முறையிலிருந்து என்.டி.எஸ்.சி.க்கு மாற்றலாம். எல்லா விசைப்பலகையிலும் வேலை செய்யாது. பால் முறையை என்.டி.எஸ்.சி. ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பவேண்டாம்: வேகம் திருத்தப்படாத பதிப்பு சரியான வேகத்துக்கு வரும், ஏற்கெனவே திருத்தப்பட்ட பதிப்பு பேய் வேகத்தில் ஓடும், ஒலியும் காட்சியும் பொருந்தாமல் போகலாம். 50 ஹெர்ட்ஸ் பிரச்சினைக்கு உருப்படியான தீர்வு, அதே கேமின் அமெரிக்கப் பதிப்பைப் போட்டுக்கொள்வதுதான்.

இரண்டாவது விஷயம்தான் அதற்கு வழி. மென்பொருளைப் பூட்டிவைக்கும் ரகசியக் குறியீடான பாதுகாப்புச் சாவி கன்சோலுக்குள்ளேயே கிடந்தது. அதனால் பென்டிரைவிலிருந்து வேறு மென்பொருளை ஓட்டமுடிகிறது. இதற்கென்றே ப்ளீம்சிங்க், ஆட்டோப்ளீம், ப்ராஜெக்ட் ஈரிஸ் என்று மூன்று தொகுப்புகள் வந்தன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஆட்டோப்ளீம் எளிது: கன்சோலின் உள்சேமிப்பில் எதையும் எழுதாமல், பென்டிரைவிலிருந்தே எல்லாவற்றையும் ஓட்டும்படி அமைக்கலாம். பென்டிரைவைப் பிடுங்கினால் கன்சோல் பழையபடி சோனி மெனுவுக்கே போய்விடும்.

செய்யும் முறை சுருக்கமாக இப்படி.

பென்டிரைவை ஒரே பிரிவாக, எம்.பி.ஆர். என்ற பிரிவுப் பட்டியல் அமைப்பில், ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜி.பி.க்கு மேற்பட்டதில் ஃபேட்32 காட்டாது. அப்போது எக்ஸ்ஃபேட் எடுத்துக்கொள்ளலாம். பென்டிரைவின் பெயரை எஸ்-ஓ-என்-ஒய் என்ற நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வையுங்கள். இந்தப் பெயர் இல்லாவிட்டால் கன்சோல் பென்டிரைவைச் சட்டையே செய்யாது. 'எதுவுமே நடக்கவில்லை, சோனி மெனுதான் வருகிறது' என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்தப் பெயரைத்தான்.

பிறகு தொகுப்பை விரித்து, அதன் உள்ளடக்கத்தை பென்டிரைவின் மேல்மட்டத்தில் நேரடியாகப் போடவேண்டும். ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராக விழுந்துவிட்டால் ஓடாது. 'கேம்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கேமுக்கும் தனி ஃபோல்டர். அதற்குள் சிடியின் நகல்: ஒரு 'க்யூ' கோப்பும் (.cue, எந்தத் தடம் எங்கே என்ற பட்டியல்), ஒன்றோ பலவோ 'பின்' கோப்புகளும் (.bin, சிடியின் உள்ளடக்கம்). பல சிடி உள்ள கேம் என்றால் எல்லாச் சிடியும் ஒரே ஃபோல்டரில். சிடி மாற்ற கன்சோலின் 'ஓபன்' பட்டனை அழுத்தினால் போதும். ஒரு சிடி அதிகபட்சம் 700 எம்.பி. என்று வைத்தாலும் 64 ஜி.பி. பென்டிரைவில் 80க்கும் மேல் அடங்கும்.

உங்களிடம் உள்ள சிடிகளை நகலெடுக்க, கணினியின் சிடி டிரைவும் இம்க்பர்ன் மாதிரி ஒரு மென்பொருளும் போதும். ஐ.எஸ்.ஓ. வடிவத்தில் எடுக்கவேண்டாம். பல கேம்களில் இசை, சிடியின் தனித் தடங்களாகப் பதிந்திருக்கும்; ஐ.எஸ்.ஓ.வில் அவை வராது. கேம் ஓடும், பின்னணி இசை மட்டும் கேட்காது. 'பின்', 'க்யூ' கோப்புகளாக எடுத்தால் அந்தத் தடங்களும் சேர்ந்து வரும்.

கேம் தெரியவில்லை, அல்லது கருந்திரையில் நிற்கிறது என்றால் க்யூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே எழுதியிருக்கும் 'பின்' கோப்பின் பெயரும், ஃபோல்டரில் உள்ள உண்மையான பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். கோப்புக்குப் பெயர் மாற்றிவிட்டு க்யூவுக்குள் மாற்ற மறப்பது இங்கே மிகச் சாதாரணத் தவறு. ஐரோப்பிய பதிப்புகள் சிலவற்றில் லிப்க்ரிப்ட் என்ற திருட்டுத் தடுப்பு உண்டு. சாதாரண நகலில் அந்தத் தகவல் வராது. கேம் தொடங்கி நடுவில் உறைந்துவிடும். அதற்குத் தனியாக ஓர் எஸ்.பி.ஐ. கோப்பு, அதே பெயரில், பக்கத்தில் இருக்கவேண்டும். அமெரிக்கப் பதிப்புகளில் இந்த வம்பு இல்லை.

எல்லாம் தயாரானதும் கன்சோல் அணைந்த நிலையில் முதல் துறையில் கன்ட்ரோலரையும் இரண்டாவது துறையில் பென்டிரைவையும் செருகி, பவர் பட்டனை அழுத்துங்கள். முதல் தடவை கேம்களைப் பட்டியலிட நேரம் எடுக்கும். அவசரப்பட்டு மின்சாரத்தைப் பிடுங்கவேண்டாம்.

இரண்டாவது துறையில் பென்டிரைவ் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேர் எப்படி ஆடுவது? இது நியாயமான கேள்வி, இந்தக் கன்சோலில் உண்மையிலேயே வன்பொருள் சார்ந்த ஒரே குறையும் இங்கேதான் வருகிறது: முன்புறத் துறைகள் தரும் மின்னோட்டம் மிகக் குறைவு. அவை ஒரு சாதாரணக் கன்ட்ரோலருக்காகவே அமைக்கப்பட்டவை. அதிக மின்சாரம் இழுக்கும் யூ.எஸ்.பி. 3 பென்டிரைவ்கள், எஸ்.எஸ்.டி., வெளி ஹார்ட் டிஸ்க், விளக்கும் அதிர்வும் உள்ள கன்ட்ரோலர்கள் இதில் தடுமாறும். ஒருநாள் வேலை செய்து மறுநாள் செய்யாத பென்டிரைவ் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பழைய, மெதுவான யூ.எஸ்.பி. 2 பென்டிரைவ் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சிடி வேகத்தில் படிக்க அதுவே மிகை. இரண்டு பேர் ஆட, தனியாக மின்சாரம் பெறும் யூ.எஸ்.பி. ஹப் வாங்கி, பென்டிரைவையும் இரண்டாவது கன்ட்ரோலரையும் அதில் செருகலாம்.

மின்சாரம் வாங்கும் பின்புற மைக்ரோ யூ.எஸ்.பி. துளையை, வேறு கருவிகளையும் மாட்டவிடும் ஓ.டி.ஜி. முறையில் பயன்படுத்தி பென்டிரைவை அங்கே மாட்டும் வழியும் உண்டு. அதற்குக் கன்சோலின் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலையே மாற்றி எழுதவேண்டும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கன்சோல் செங்கல், எழவே எழாது. ஹப் வழியே போதும் என்பது என் கருத்து. அப்படியும் கெர்னலில் கைவைப்பதானால், தொகுப்பு தரும் காப்பு நகலை முதலில் எடுத்துக் கணினியில் வையுங்கள்.

மாற்றிய மென்பொருளில், பல கன்சோல்களின் எமுலேட்டர்களை ஒன்றாகத் தரும் ரெட்ரோஆர்ச்சும் சேர்ந்து ஓடும். அதே எமுலேட்டரின் புதிய பதிப்பு அதில் இருப்பதால், சோனியின் அமைப்பில் திக்கிய கேம்கள் சில சீராக ஓடும். படத்தின் கூர்மை, கிடைக்கோடு எல்லாம் உங்கள் விருப்பம். டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரை கேபிள் வழியே செருகினால் குச்சிகள் கிடைத்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் கன்சோல் அதைக் கண்டுகொள்ளாது; தரவும் போகிற கேபிள் வேண்டும். பேட்டரியை வேறிடத்தில் முழுதாக ஏற்றிவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பலவீனமான துறையிலிருந்து சார்ஜ் இழுக்கப் பார்க்கும். ரெட்ரோஆர்ச்சில் 8, 16 பிட் கன்சோல்களின் கேம்களும் நன்றாக ஓடும். நின்டெண்டோ 64 சில ஓடும், சில திணறும். சேகாவின் சாட்டர்ன், ட்ரீம்காஸ்ட் கன்சோல்களின் ஆசை வேண்டாம்.

பழையதாக வாங்கினால் பார்க்கவேண்டியவை:

பின்புறம் எச்.டி.எம்.ஐ.யும் மைக்ரோ யூ.எஸ்.பி.யும் மட்டும், முன்புறம் இரண்டு சாதாரண யூ.எஸ்.பி. துளைகள் இருக்கவேண்டும். சிடி மூடி திறக்காது, மெமரி கார்டு இடம் வெறும் அச்சு. அது குறையல்ல, அசலே அப்படித்தான். மஞ்சள்-சிவப்பு ஏ.வி. கேபிளோடு 'நூற்றுக்கணக்கான கேம்' என்று வருவது அதே தோற்றத்தில் உள்ள போலி; உள்ளே 8 பிட் கேம்கள்தான். பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர், எச்.டி.எம்.ஐ. கேபிள், மைக்ரோ யூ.எஸ்.பி. கேபிள் இருக்கவேண்டும். அடாப்டர் இல்லையே என்று சண்டை போடாதீர்கள், அதை சோனியே தரவில்லை. 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் எந்த போன் சார்ஜரும் போதும். டிவியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் பலவற்றில் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். பென்டிரைவ் செருகியதும் அணைந்து எழுவது அதனால்.

மூன்று பட்டனையும் அழுத்திப் பாருங்கள். 'ரீசெட்' கேமிலிருந்து மெனுவுக்குக் கொண்டுவர வேண்டும், விட்ட இடத்தைச் சேமிக்கவும் வேண்டும். கன்ட்ரோலர் கேபிளின் அடிப்பகுதியை, கேம் ஓடும்போதே, லேசாக அசையுங்கள்; தொடர்பு அறுந்தால் உள்கம்பி நைந்திருக்கிறது. எந்த பென்டிரைவும் இல்லாமல் ஒருமுறை எழுப்பி, சோனியின் 20 கேம் மெனு வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். முந்தைய சொந்தக்காரர் உள்ளே ஏதாவது மாற்றி அரைகுறையாக விட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வேறு என்ன வாங்கலாம் என்றும் யோசியுங்கள். வீட்டில் அசல் சிடிகள் இருக்கிறதென்றால் கிளாசிக் உங்களுக்கானதல்ல. அது சிடியே படிக்காது. எல்லா பிளேஸ்டேஷன் 3 மாடல்களும் முதல் பிளேஸ்டேஷன் சிடிகளைப் படிக்கும், எச்.டி.எம்.ஐ. உண்டு, கன்ட்ரோலரில் குச்சியும் உண்டு. சிடியும் கன்சோலும் ஒரே பிராந்தியமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஓரளவு நல்ல கணினி இருந்தால் டக்ஸ்டேஷன் எமுலேட்டர் கிளாசிக்கைவிடப் பல மடங்கு நல்ல படம் தரும். கன்சோலை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் கோப்பு மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யவேண்டும். கிளாசிக்கில் பயாஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ஆகவே விலைக் கணக்கு இப்படிப் போடுங்கள். கன்சோலின் விலையோடு பென்டிரைவ், குச்சியுள்ள கன்ட்ரோலர், தேவைப்பட்டால் ஹப் ஆகியவற்றின் விலையைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை ஒரு பழைய பிளேஸ்டேஷன் 3இன் விலையைத் தாண்டினால் விட்டுவிடலாம். தாண்டவில்லை, டிவிக்குக் கீழே அந்தச் சின்னச் சாம்பல் பெட்டி இருப்பதும் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் வாங்குங்கள்; வந்தவுடன் முதல் வேலையாக டெக்கன் 3இன் அமெரிக்கப் பதிப்பைப் போட்டுவிடுங்கள்.